சம்பூசக் சபதம்

ஏசிக்காரர் இதற்கு முன்னும் சபதம் போட்டிருக்கிறார். இனிமேல் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்று ஒரு சபதம். அதைக் காப்பாற்றுவதற்காக டீயை விட்டுவிட்டுக் காபிக்கு மாறினார். காபியில் இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் நடப்பது என்று இன்னொரு சபதம். அது ஷூ வாங்கியதோடு முடிந்தது. ஆனால் இந்த முறை போட்டது சாதாரணச் சபதம் இல்லை. எதிரில் நின்றது மனைவி. பந்தயமாக வைத்தது வீட்டின் பின்னறை.

பின்னறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சமையலறையை ஒட்டி, ஒற்றை ஜன்னலோடு, மத்தியானத்தில் அடுப்பையே தோற்கடிக்கும் சூட்டில் இருக்கும் அறை. அதில் ஒரு மின்விசிறி உண்டு. சத்தம் போடும், சுற்றாது. ஒரு பிளக் பாயின்ட் உண்டு. எதைச் செருகினாலும் மௌனம் சாதிக்கும். அதைச் சரிபண்ணிக் கொடுங்கள் என்று மனைவி முதன்முதலாகக் கேட்டபோது ஏசிக்காரர் தலையில் முடி அடர்த்தியாக இருந்தது. ஊரார் வீட்டையெல்லாம் குளிரவைக்கிறவருக்கு, சொந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் கை ஸ்க்ரூ டிரைவரை மறந்து டிவி ரிமோட்டைத் தேடிப் போய்விடும்.

அந்த அறைமேல் இருவருக்கும் கண். அவருக்குப் பட்டறை போட வேண்டும். ஏனென்றால் இப்போது பட்டறை ஹாலில் இருந்தது. செத்த கம்ப்ரஸர்கள், செம்புக் குழாய்ச் சுருள்கள், உயிர் போன ரிமோட்டுகள் எல்லாம் ஹாலில் குடியிருந்தன. வருகிற விருந்தாளி சோபாவில் உட்கார வேண்டுமானால் முதலில் ஒரு கம்ப்ரஸர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும்.

அன்றைக்குச் சண்டை ஒரு சீப்பில் ஆரம்பித்தது.

"என் சீப்பை யாரு எடுத்தது?"

"உங்களுக்கு எதுக்குங்க சீப்பு?" மனைவி அவர் தலையைப் பார்த்தாள்.

"தலைக்கில்ல. ஏசிக்கு. உள்ள வரிசையா மெல்லிசாத் தகடு இருக்குமே, அது வளைஞ்சா நிமிர்த்துற சீப்பு. புதுசு. பாக்கெட்டுகூடப் பிரிக்கல."

"கம்ப்ரஸர் மேல பாருங்க."

"எந்தக் கம்ப்ரஸர்?"

"சோபாவுல சாஞ்சு உக்காந்திருக்கே, அது."

அங்கே இல்லை. எங்கேயும் இல்லை.

"இதுக்குத்தான் சொல்றேன், பின்னறையைக் குடு. என் சாமான் எல்லாம் அங்க போயிடும். உனக்கு ஹால் கிடைச்ச மாதிரி இருக்கும்."

"பின்னறை எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"வேணும்."

"அதான், எதுக்கு?"

"சொன்னா சிரிப்பீங்க."

அவள் சொல்லாமலே அவர் சிரித்தார். மனைவிக்குக் காலை நேரத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். அங்கே இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. பேசுவார்கள், வேறென்ன. பேசுவதற்கு ஒரு அறை எதற்கு என்பது அவருடைய நியாயமான சந்தேகம்.

இந்த நிலையில்தான் சம்பூசக் அவர் வாழ்க்கைக்குள் வந்தது.

ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஓர் அரபுக் குடும்பத்தின் வீட்டில் ஏசி சொட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். போனார், அடைப்பை எடுத்தார், கை கழுவினார். அந்த வீட்டம்மா ஃப்ரீசரைத் திறந்து, கல் மாதிரி உறைந்திருந்த அரைவட்டத் துண்டுகளை எடுத்து, அப்படியே கொதிக்கிற எண்ணெயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் தட்டு வந்தது. மேலே பொன்னிறமாக மொறுமொறுப்பு. கடித்தால் உள்ளே வெள்ளைச் சீஸ் இளகி, புதினா வாசனையோடு நாக்கில் இறங்கியது. இதற்குப் பெயர் சம்பூசக் என்றார் அந்த அம்மா. ஏசிக்காரர் பெயரைக் கேட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தார். இன்னொரு தட்டு வந்தது. அதையும் மரியாதைக்காகக் காலி செய்தார்.

வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு.

"நீ செஞ்சு பாரேன். மொத்தமா செஞ்சு ஃப்ரீசர்ல போட்டுட்டா, வேணும்கிறப்ப எடுத்துப் பொரிச்சுக்கலாம்."

"அது லேசுப்பட்ட வேலை இல்லீங்க."

"என்ன பெரிய வேலை? மாவு, சீஸ், ஃப்ரீசர். மாவு கடையில இருக்கு. சீஸ் கடையில இருக்கு. ஃப்ரீசர் யாரோட துறை?"

"உங்க துறைதான்."

"அப்புறம்?"

"அப்ப நீங்களே செய்யுங்க."

ஏசிக்காரருக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றார். எழுந்து நின்றால் சபதம் வருகிறது என்று அர்த்தம்.

"செய்யறேன். செஞ்சு, உறைய வெச்சு, பொரிச்சுத் தட்டுல வெக்கிறேன். நீ ஒரு குறை சொல்ல முடியாது. சொல்ல முடியலேன்னா பின்னறை எனக்கு."

"குறை இருந்தா?"

"உனக்கு. நான் வாயே திறக்க மாட்டேன்."

"என் கையால செஞ்சேன்னு நீங்க தட்டைத் தொட்டுச் சொல்லணும். கடையில வாங்கிட்டு வந்தா ஆட்டம் செல்லாது, ரூம் எனக்கு."

"என்னைப் பாத்தா அப்படித் தெரியுதா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தீர்ப்புச் சொல்லத் தையல்காரம்மாவை நியமித்தார்கள். பாரபட்சம் இல்லாதவர் என்று ஏசிக்காரரே சிபாரிசு செய்தார்.

லீவு நாளில் மனைவி தையல்காரம்மாவோடு வெளியே கிளம்பினாள். சமையலறை முழுவதும் ஏசிக்காரர் கைக்கு வந்தது. டூல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார். அது இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. மாவு பிசைந்தார். சமையலறையின் சூட்டில் மாவு அவர் கையை விட்டுப் போக மனமில்லாமல் ஒட்டிக்கொண்டது. இன்னும் மாவு சேர்த்தார். பிறகு தண்ணீர் சேர்த்தார். இப்படி மாறி மாறிச் சமாதானம் செய்ததில், ஒரு வீட்டுக்கு வேண்டிய மாவு ஒரு விடுதிக்கு வேண்டியதாக வளர்ந்தது. சீஸ் உப்புத் தண்ணீரில் ஊறிய கட்டியாக வந்திருந்தது. அதை நல்ல தண்ணீரில் போட்டு உப்பை வெளியேற்ற வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. வட்டம் வெட்டினார், சீஸை வைத்தார், மடித்தார், ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் வாயைத் திறந்தது.

ஆனாலும் அவர் கவலைப்படவில்லை. இனிமேல் வருவது அவருடைய துறை. எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிப் போட்டு, முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரை உச்சக் குளிரில் வைத்தார்.

சாயங்காலம் பையைத் திறந்தார். சம்பூசக்குகள் இல்லை. ஒரு சம்பூசக் இருந்தது. பையின் அளவில், பையின் வடிவத்தில், பாறை மாதிரி. தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறைய வைத்துவிட்டு அப்புறம்தான் பையில் போட வேண்டும் என்பது ஃப்ரீசர் பழுதுபார்க்கும் படிப்பில் இல்லை. பெல்ட்டில் இருந்து சுத்தியலை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி வந்து ஹாலில் நின்றாள்.

"என்னங்க, கிச்சன்ல சுத்தியல் சத்தம்?"

"சுத்தியல் இல்ல. ஃப்ரிஜ் கம்ப்ரஸர். கொஞ்சம் தட்டுது."

"பாத்துச் சரிபண்ணுங்க."

"அதான் தட்டிட்டிருக்கேன்."

உடைந்த துண்டுகளை இளக வைத்து எண்ணெயில் போட்டார். அதுவும் தப்பு என்று எண்ணெயே சொன்னது. சீஸ் வெளியே வந்து வெடித்தது. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நீளக் கரண்டியால் எட்டி எட்டி அடுப்பை அணைத்தார். மிஞ்சிய ஒன்றைத் தின்று பார்த்தார். கடலில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது வாய். மொத்தத்தையும் செய்தித்தாளில் சுற்றி, சாமான் பையின் அடியில் ஒளித்து, மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் குப்பைத் தொட்டியில் சேர்த்தார்.

பின்னறை கை நழுவிப் போகிறது என்று அவருக்கு உள்ளூர வலித்தது. சும்மா ஒரு அறை இல்லை அது. வீட்டுக்குள் அவர் பேர் சொல்ல ஒரு கதவு. அதை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், இந்த வீட்டில் தானும் ஓர் ஆள் என்று தோன்றும். அந்த ஆசையில்தான், தெரிந்தவர் யாரும் நடமாடாத தெருவாகப் பார்த்துப் போய், உறைந்த சாமான்கள் மட்டும் விற்கிற ஒரு கடைக்குள் நுழைந்தார்.

"சம்பூசக் இருக்கா? சீஸ் வெச்சது."

"இருக்கு சார். வீட்டுத் தயாரிப்பு. இந்த ஏரியா அரபுக்காரங்களே இதைத்தான் வாங்கறாங்க."

"யார் போடறாங்க?"

"ஒரு வீட்டம்மா. பேர் சொல்ல வேணாம்னு கண்டிஷன். வீட்டுல யாரோ இருக்காராம். தெரிஞ்சா ஸ்டாக்கைத் தின்னே தீர்த்துடுவாராம்."

"பாவம் அந்தம்மா," என்றார் ஏசிக்காரர், மனதார.

"உங்களுக்கு எத்தனை பாக்கெட்?"

"நிறைய. ஒரு விஷயம். வீட்டுல தெரியக்கூடாது."

"என் வாயி ஃப்ரீசர் மாதிரி சார். உள்ள போனது வெளிய வராது."

பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அரைவட்டத்தின் ஓரம் முழுக்க, பல் பல்லாக, ஒரே இடைவெளியில் அழுத்திய வரிசை. இது விரல் வேலை இல்லை, ஏதோ கருவி என்று அவருடைய மெக்கானிக் கண்ணுக்குப் பட்டது. எங்கேயோ பார்த்த இடைவெளி. எங்கே என்று நினைத்துப் பார்ப்பதற்குள் பாக்கெட் கையில் குளிர்ந்தது. கிளம்பிவிட்டார்.

தீர்ப்பு நாள் வந்தது. ஏசிக்காரர் பாக்கெட்டின் சுவடே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரு தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்திருந்தார். அரபு வீட்டம்மா செய்த மாதிரியே உறைந்தபடி எண்ணெயில் போட்டார். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. பொன்னிறம். தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, தொட்டு, தெளிவான குரலில் சொன்னார்.

"என் கையால செஞ்சது."

தையல்காரம்மா ஒன்றை எடுத்தார். கடிக்கவில்லை. ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மனைவி ஒன்றை எடுத்து ஓரத்தைப் பார்த்தாள். பிறகு தையல்காரம்மாவைப் பார்த்தாள்.

"ஓரம் ரொம்ப நல்லா அடிச்சிருக்கு தம்பி," என்றார் தையல்காரம்மா. "நான் தையல்காரி. ஓரத்தை வெச்சே ஆளைச் சொல்லிடுவேன். எப்படி அடிச்சீங்க?"

"விரல்தான்க்கா."

"வெறும் விரலா?"

"மெக்கானிக் விரல். கட்டைவிரலை இப்படி வெச்சு, நகத்தால ஒரு தட்டு. அடுத்த இடம். ஒரு தட்டு. மனசு ஒரு நிலையில இருக்கணும். எல்லாருக்கும் வராது."

"உப்பு அளவா இருக்கே?" என்றாள் மனைவி.

"சீஸைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுது, எவ்வளவு உப்புன்னு."

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம எப்படிங்க உறைய வெச்சீங்க?"

"அது என் துறை," என்று முடித்தார் ஏசிக்காரர்.

மூவரும் தின்றார்கள். தட்டு காலியானது. தையல்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல ஒரு குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். இதை விட நல்லா யாராலயும் செய்ய முடியாது."

"ஆமாங்க," என்றாள் மனைவி, ரொம்பப் பணிவாக. "நான் தோத்துட்டேன். பின்னறை உங்களுக்கு."

கல்யாணமான நாள் முதல் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. கொஞ்சம் நிதானம் உள்ளவராக இருந்தால் அந்த இடத்திலேயே பயந்திருப்பார். ஏசிக்காரர் பயப்படவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவர் வாழ்க்கையின் பொற்காலம். ஹாலில் இருந்த கம்ப்ரஸர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னறைக்குக் குடியேற்றினார். சொந்தப் பட்டறை என்றதும் உடம்பில் இருந்த சோம்பல் எங்கே போனது என்று தெரியவில்லை. மௌனமாக இருந்த பிளக் பாயின்ட்டைப் பேச வைத்தார். அது போதாது என்று இன்னும் சில புதிதாக அடித்தார், பெரிய மிஷின் போட்டாலும் தாங்கும்படி. சுற்றாத விசிறி சுற்றியது. சுவர் நெடுகப் பலகை அடித்தார். இடுப்பு உயரத்தில், நின்று வேலை செய்ய வசதியாக, வழுவழுப்பான ஒரு நீள மேஜை போட்டார்.

"இந்த உயரம் சரியா இருக்கா பாரு," என்றார் மனைவியிடம், வெற்றி பெற்றவனின் தாராள மனசோடு.

அவள் மேஜையின் முன்னால் நின்று, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"கச்சிதமா இருக்குங்க. தண்ணிக்கு ஒரு குழாய் இருந்தா நல்லாருக்கும்."

"பட்டறைக்கு எதுக்குத் தண்ணி?"

"கை கழுவணும்ல. உங்க கைக்கு."

நியாயமாகத்தான் பட்டது. தெரிந்த பிளம்பரைப் பிடித்துக் குழாய் வைத்தார், தொட்டி வைத்தார்.

"ரூம் சூடாத்தான் இருக்கு. நாள் முழுக்க இதுக்குள்ள எப்படிங்க இருப்பீங்க? உடம்பு என்னத்துக்காகும்?"

தன் உடம்பைப் பற்றி மனைவி கவலைப்பட்டதில் அவருக்கு மனசு உருகிவிட்டது. ஒரு பழைய ஏசியைப் பிரித்துக் கழுவி, கேஸ் அடைத்து, தன் கையாலேயே சுவரில் மாட்டினார். ஊரில் எந்த வாடிக்கையாளருக்கும் அப்படி மாட்டிக் கொடுத்ததில்லை. ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. அறை ஜில்லென்று ஆனது. நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயித்த மனிதனின் நாற்காலி அது.

வாசல் மணி அடித்தது.

யாரும் திறக்காததால் அவரே எழுந்து போனார். வாசலில் ஒரு தள்ளுவண்டி. வண்டியில் பெரிய ஃப்ரீசர் ஒன்று படுத்திருந்தது. வண்டிக்குப் பக்கத்தில், உறைந்த சாமான் கடைக்காரர்.

"அட, நம்ம சம்பூசக் கஸ்டமர்," என்றார் கடைக்காரர், முகம் மலர.

"உஷ்," என்றார் ஏசிக்காரர்.

"சார் வீடு இதுதானா? அப்ப ஏன் சார் என் கடை வரைக்கும் வந்து வாங்கினீங்க? எனக்குச் சரக்கே இங்கேர்ந்துதானே வருது."

"எங்கேர்ந்து?"

கடைக்காரர் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அம்மா, ஆர்டர் ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொன்னீங்களே, ஃப்ரீசர் கொண்டாந்துட்டேன். எங்க இறக்கறது?"

"பின்னறையில இறக்குங்க," என்றாள் மனைவி.

அவளுக்குப் பின்னால் தையல்காரம்மா இரண்டு பெரிய தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சார், நான் வாயே திறக்கல. நீங்க வீட்டுல தெரியக்கூடாதுன்னு சொன்னதைக்கூட நான் யாருகிட்டயும் சொல்லல."

ஏசிக்காரர் சுவரில் சாய்ந்தார்.

"நீயா?"

"நானும் அக்காவும். மத்தியானத்துல அவங்க வீட்டுலதான் செய்வோம். அந்த அரபு வீட்டம்மா பிள்ளைங்களுக்குப் புத்தகம் எடுக்க நூலகத்துக்கு வருவாங்க. அவங்கதான் கத்துக் குடுத்தாங்க. நீங்க அங்க எத்தனை தட்டு சாப்பிட்டீங்கன்னும் சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஸ்டாக் மிஞ்சுமா?"

தின்றே தீர்த்துவிடுகிற மனிதரோடு குடும்பம் நடத்தும் அந்தம்மாவுக்காகக் கடையில் வைத்துத் தான் பரிதாபப்பட்டது அவருக்கு நினைவுக்கு வந்தது.

"சரி. அது நீ செஞ்சதுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சே? எல்லாச் சம்பூசக்கும் ஒரே மாதிரிதானே?"

மனைவி முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவருடைய சீப்பு. ஏசித் தகடு நிமிர்த்துகிற சீப்பு. பல் பல்லாக, ஒரே இடைவெளியில்.

"பாக்கெட் பிரிக்காம இருந்துதேன்னு எடுத்தேன். வெந்நீர்ல போட்டுக் கழுவிட்டுத்தான் வெச்சிருக்கோம். இந்த ஊருல சம்பூசக்குக்கு இதால ஓரம் அடிக்கிறது நாங்க ரெண்டு பேர்தான்."

"மெக்கானிக் விரல்," என்றார் தையல்காரம்மா, சீப்பைப் பார்த்து.

கடைக்காரரும் அவருடைய ஆட்களும் ஃப்ரீசரை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். புது பிளக் பாயின்ட்டில் செருகினார்கள். உடனே ஓடியது. தையல்காரம்மா தட்டுகளை அந்த நீள மேஜைமேல் வைத்தார். உயரம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கடையில் வாங்கினால் ஆட்டம் செல்லாது, அறை மனைவிக்கு. வாயே திறக்க மாட்டேன் என்றும் அவரே சொல்லியிருந்தார். கம்ப்ரஸர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஹாலும் பளிச்சென்று இருந்தது. அங்கே அவற்றுக்கு இனி இடம் கிடைக்காது என்பது அவருக்கே புரிந்தது.

ஆனாலும் ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

"ஓரத்தைப் பாத்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுல்ல? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

மனைவி பின்னறைக் கதவை மூடப் போனவள், தலையை மட்டும் நீட்டினாள். உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று வந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, இந்த ரூமுக்கு யாருங்க ஏசி மாட்டியிருப்பாங்க?"